சம்பந்தியின் தொடையெலும்பு

சம்பந்தி,

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண், ஃபிலிம் உறைகள் காற்றில் பறக்காமல் இருக்க என் மேசையில் வைத்திருந்த சாமானை இன்று காலை கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உலோக உருண்டை. அதிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு சாண் காம்பு. புகையேறிக் கறுத்துப் போயிருக்கிறது. உருண்டையின் ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்து மினுங்குகிறது.

"என்னக்கா இது, ஏதாச்சும் மோட்டார் பார்ட்ஸா?" என்றாள்.

"என் சம்பந்தி," என்றேன்.

எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டாள். பிறகு விவரம் சொன்னேன். சொன்ன பிறகும் அவளுக்கு முகம் தெளியவில்லை. சுடுகாட்டில் கிடந்ததை மேசையில் வைப்பார்களா என்று கேட்டாள். என் மருமகளும் இதையேதான் கேட்டாள், வீட்டுப் படி ஏற்றக்கூடாது என்று ஒரே பிடிவாதம். அவளோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்க முடியும், எனக்கு அதற்குத் தெம்பு உண்டு என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் உங்களை வைக்க வேண்டிய இடம் இந்த அறைதான் என்று எனக்கே தோன்றியது. இங்கேதான் நாம் முதல்முறையாக ஒருவரையொருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோம்.

உங்களை எரித்த மறுநாள் எலும்பு பொறுக்கப் போன ஆண்கள், பாதத்திலிருந்து தொடங்கி முழங்கால், இடுப்பு, விலா, தலை என்று வரிசையாக எடுத்துப் பால் தெளித்துக் கலயத்தில் போட்டிருக்கிறார்கள். இடுப்புப் பக்கம் சாம்பலைக் கிளறும்போது இது தட்டுப்பட்டிருக்கிறது. ஒருவர் அங்கேயே புதைத்துவிடலாம் என்றாராம். இன்னொருவர் ஆற்றில் சாம்பலோடு விட்டுவிடலாம் என்றாராம். உங்கள் மகனுக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை. சுடுகாட்டிலிருந்தே எனக்குப் போன் செய்தார். "அயித்தை, அம்மாவோட இரும்பு அப்படியே கெடக்கு. என்ன பண்ணட்டும்?" என்றார். அதுவரை அழாத மனிதர் அந்தக் கேள்வியில் உடைந்துவிட்டார்.

"எங்கிட்டக் கொண்டாங்க மாப்பிள்ளை. அதுக்காகச் சண்டை போட்டவ நான்தேன்," என்றேன்.

நமக்குள் எப்போதாவது ஒத்துப்போயிருக்கிறதா? என் மகளை உங்கள் வீட்டில் கொடுத்த நாள் முதல் இழுபறிதான். கல்யாணத்தில் பந்தியில் முதலில் யாரை உட்காரவைத்தோம் என்பதில் ஆரம்பித்தீர்கள். என் மகள் வைக்கும் குழம்பில் காரம் போதாது என்றீர்கள். வேலைக்குப் போகும் பொம்பளை வளர்த்த பிள்ளை என்று என் காது படவே சொன்னீர்கள். பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். எங்கள் ஊர்ச் சட்டமும் அதுதான். நான் அதை மதிக்கவில்லை. அதனால் திருப்பத்தூர்ப் பக்கம் உங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

பேத்திக்குக் காது குத்திய அன்றைக்கு நடந்ததை ஊரே என் தலையில் கட்டியது. குலசாமி கோயில் பொட்டலில் கிடாய் வெட்டிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. என் மகன் தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்து முடித்திருந்தான். நீங்கள் மஞ்சள் தண்ணீரும் இரத்தமும் கலந்து வழுக்கிக் கிடந்த கல்தளத்தில் அண்டாவுக்கும் பந்திக்குமாக ஓடிக்கொண்டிருந்தீர்கள். "செத்த உக்காருங்க சம்பந்தி, ஆள்தான் இருக்காகள்ல" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

"பொண்ணைக் குடுத்தவுக எனக்கு உக்காரப் பழக்குறீகளாக்கும்," என்று திரும்பினீர்கள். திரும்பிய அடியிலேயே விழுந்தீர்கள்.

சத்தம் போடவில்லை நீங்கள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஓடி வந்து பார்த்தேன். இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முப்பது வருஷம் எலும்பைப் படம் பிடித்துப் பிழைத்தவளுக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. தொடை எலும்பு மேலே போய் இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்காரும் இடத்தில் ஒரு பந்து இருக்கிறது. பந்துக்குக் கீழே குறுகலாக ஒரு கழுத்து. அந்தக் கழுத்து ஒடிந்திருந்தது.

அதற்குள் நாலு பேர் தூக்க வந்துவிட்டார்கள். ஒருத்தி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து காலை உருவ உட்கார்ந்தாள். சுளுக்குத்தான், இழுத்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் பாதத்தைப் பிடித்தார். நான் கத்தினேன். "யாரும் காலைத் தொடாதீக. அங்குட்டுத் தள்ளுங்க." உங்கள் பங்காளிகள் அத்தனை பேர் நடுவில், பெண் வீட்டுக்காரி கத்தினேன். உங்கள் கணவரின் அண்ணன், நீங்கள் மூத்தார் என்று முகம் பார்த்துப் பேசவே தயங்கும் அந்தப் பெரியவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படம் புடிக்கிறவுக டாக்டராயிட்டாகளாக்கும்," என்றார்.

இரண்டு காலுக்கும் நடுவில் துண்டை மடித்து வைத்து, நல்ல காலோடு ஒடிந்த காலைச் சேர்த்து வேட்டியால் கட்டினேன். பந்திப் பலகையில் உங்களைப் படுக்கவைத்து அசையாமல் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். காரைக்குடி வந்து சேரும் வரை நீங்கள் ஒரு வார்த்தை முனகவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே வந்தது. மறுநாள் பார்த்தால் என் மணிக்கட்டில் விரல் தடம் பதிந்திருந்தது.

இந்த அறை மேசையில்தான் உங்களைப் படுக்கவைத்தேன். இடுப்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கழற்றிக் கொடுங்கள் என்றேன். ஊக்கு, கொக்கி எல்லாம் வந்தது. முதல் படம் எடுத்துத் திரையில் பார்த்தால் இடுப்பெலும்புக்கு மேல் பளிச்சென்று ஒரு சாவிக்கொத்து. சேலைக்கட்டுக்குள் ஆழமாகச் செருகி வைத்திருந்தீர்கள். அரிசி அறைச் சாவி, பீரோச் சாவி, பம்புசெட்டுச் சாவி. அந்த வீட்டின் மொத்த அதிகாரமும் உங்கள் ஒடிந்த எலும்பின் மேல் வெள்ளையாகக் கிடந்தது.

"அதைக் குடுங்க சம்பந்தி, எலும்பு தெரியலை."

"யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

"நான் வச்சிருக்கேன். உங்க மருமகட்டக்கூடக் குடுக்க மாட்டேன்."

இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தீர்கள். என் மகளுக்குக் கொடுக்காததை எனக்குக் கொடுத்தீர்கள். இரண்டாவது படத்தில் முறிவு தெளிவாகத் தெரிந்தது. பந்து தனியாகவும் தண்டு தனியாகவும் விலகி நின்றன. திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். "இம்புட்டு வெள்ளையா இருக்கேன் உள்ளுக்குள்ள," என்றீர்கள். வலியிலும் அப்படி ஒரு பேச்சு.

எலும்பு டாக்டர் வந்து பார்த்து, ஒடிந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும், சீக்கிரம் செய்ய வேண்டும் என்று உங்கள் மகனிடம் விளக்கமாகச் சொன்னார். செய்யாவிட்டால் படுக்கைதான், படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும் என்றார். எழுந்து நடப்பீர்களா, கட்டிலோடு முடிவீர்களா என்பதுதான் கேள்வி, வேறு ஒன்றும் இல்லை. உங்கள் மகன் தலையை ஆட்டிவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ஊருக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

உங்கள் வீட்டில் எதுவாக இருந்தாலும் அப்படித்தான். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, மாடு வாங்குவது எல்லாமே வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். என் மகளை எடுப்பதற்கும் பார்த்தீர்களாம், வெள்ளை வந்ததாம். அதனால் அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன்.

சாயங்காலம் பெரியவரே திரும்பி வந்துவிட்டார். சிவப்பு. ஆபரேஷன் வேண்டாம், ஊருக்குக் கூட்டிப் போய் நாட்டுக்கட்டுப் போடுவோம் என்று முடிவாகிவிட்டது. உங்கள் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள் வாயைத் திறக்கப் போனாள். நான்தான் கண்ணால் அடக்கினேன். அவள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். அதற்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இல்லையே. பெரியவரிடம் போய், இந்த ஓர் இடத்தில் கட்டுப் போட்டால் ஒட்டாது என்று சொன்னேன்.

"சாமி சொன்னதுக்கு மேல உங்க மெஷின் சொல்லுமோ?" என்றார். "இது எங்க வீட்டு விசயம். பொண்ணைக் குடுத்தவுக தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்கவில்லை. உங்கள் கட்டிலுக்கு வந்தேன். கட்டிலைச் சுற்றி ஆட்டுக்கால் சூப் ஃபிளாஸ்க் வரிசையாக நின்றது. எலும்பு ஒடிந்தவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் வேறு யோசனையே வராது. ஒரு ஃபிளாஸ்க்கைக் காட்டி, "இத்தன ஆட்டுக்கால குடிச்சும் எங்கால் ஒட்டாதாக்கும்?" என்று கேட்டீர்கள். அப்போதுதான் நான் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை அந்தப் படத்தில் இருப்பதை எல்லாருக்கும் விளக்கியிருந்தார்கள், உங்களைத் தவிர.

எலும்பு என்றால் செத்த கட்டை இல்லை, உயிருள்ளது, தானே தன்னை ஒட்டிக்கொள்ளும் என்றேன். பிறக்கும்போது முந்நூறுக்குப் பக்கமாக இருப்பதெல்லாம் வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்து இருநூற்றாறாக நிற்கிறது என்றேன். சின்னப் பிள்ளைகள் மரத்திலிருந்து விழுந்தால் பச்சைக் குச்சி மாதிரி ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளைந்து நிற்கும், மாவுக்கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும். பைக்கிலிருந்து விழுகிற பையன்களுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு ஒடியும், கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். விலா எலும்புக்குக் கட்டே கிடையாது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டு. நம் வயதுப் பெண்களுக்கு முதுகுத்தண்டின் எலும்பு சத்தமில்லாமல் நசுங்கும், ஆள் குனிந்துகொண்டே போவாள், எல்லாரும் வயசாகிவிட்டது என்பார்கள்.

"என்னுது மட்டும் ஏன் ஒட்டாதுங்கிறீக?"

"பந்துக்குப் போற இரத்தம் இந்தக் கழுத்து வழியாத்தான் போகணும். கழுத்து ஒடிஞ்சா அந்த வழியும் அறுந்துபோகும். பந்து பட்டினி கெடக்கும்."

"மடை ஒடஞ்சு கடைசி வயலுக்குத் தண்ணி ஏறாத மாதிரி," என்றீர்கள்.

"அதேதான்."

"வெளிய என்ன கட்டுக் கட்டி என்ன, உள்ள தண்ணி போகலையே." கண்ணை மூடிக்கொண்டீர்கள். பிறகு, "நான் தடுக்கி விழுகலை சம்பந்தி. திரும்புனேன், உள்ள படக்குன்னு சத்தம் கேட்டுச்சு, அப்புறந்தேன் விழுந்தேன். ஊருல உங்க வாய்தேன் தள்ளிவிட்டுச்சுன்னு பேசுவாக. நீங்க அதைக் காதுல வாங்காதீக," என்றீர்கள்.

அப்படியும் சில பேருக்கு நடக்கும் என்று டாக்டரும் பிற்பாடு சொன்னார். மெலிந்துபோன எலும்பு முதலில் ஒடிகிறது, ஆள் பிறகு விழுகிறது. எனக்கு அதைக் கேட்டபோது வந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம். அத்தனை மாட்டைக் கறந்தீர்கள். மாமனாருக்கு, புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, பால்காரனுக்கு என்று ஊற்றிய பிறகு பானையைக் கழுவிக் குடித்தீர்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டீர்கள். உங்கள் படத்தில் எலும்பின் விளிம்பு பென்சில் கோடு போல மெல்லியதாக இருந்தது. அந்த வீட்டில் யார் எலும்பில் அந்தப் பாலின் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் நினைத்தால் கோபம்தான் வருகிறது.

"பூவுல என்ன கேட்டாகளாம்?" என்றீர்கள்.

"ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தேன்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

இங்கே, இந்தக் கட்டிலில் இருந்தீர்கள். ஆட்டுக்கால் சூப்புக்கு நடுவில் இருந்தீர்கள்.

என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள், நாளைக் காலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வா, சாமி படத்தையும் எடுத்துவா, நான் இல்லாமல் கேட்டது செல்லாது, என் கண் முன்னால் ஒருக்கால் பார்க்கட்டும் என்று. பிறகு அவளை அருகில் இழுத்துக் காதில் ஏதோ சொன்னீர்கள். அவள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போய், "ரெண்டுலயும் வெள்ளைய வைக்கச் சொல்றாகம்மா, சாமி குத்தமாயிராதா?" என்று கேட்டாள். திரும்பி வந்து உங்களிடமே கேட்டேன்.

"சாமிக்குத் தெரியாமலா வைக்கிறோம்? அதுக்குத் தெரியும். மூத்தாருக்குத்தேன் தெரியாது," என்றீர்கள்.

ஆஸ்பத்திரி வளாகத்துப் பிள்ளையார் அருகில் வெள்ளை அரளி பூத்திருந்தது. நான்தான் பறித்தேன்.

காலையில் பெரியவர் வந்தார். மறுபடி பார்ப்பதில் அவருக்கு இஷ்டமில்லை, ஆனால் சாமி படத்தை வைத்துக் கேட்பதை மறுக்கவும் முடியவில்லை. காது இன்னும் சிவந்து வீங்கியிருந்த பேத்தியை என் மகள் கட்டில் பக்கம் கொண்டுவந்தாள். பிள்ளை ஒன்றைத் தொட்டாள். பிரித்தால் வெள்ளை. என் மகள் மூச்சுவிட்டாள். அந்த மூச்சுதான் காட்டிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். பெரியவர் குனிந்து இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

அவர் என்னைத்தான் பார்த்தார். இதெல்லாம் என் வேலை என்றே முடிவு கட்டியிருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசினீர்கள். அதுவரை அவர் முன்னால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பேசுகிறவர், தலைப்பைத் தொடவில்லை.

"ஆமா. ரெண்டும் வெள்ளைதேன். நான்தேன் வைக்கச் சொன்னேன், அவுகளப் பாக்காதீக. சாமிகிட்டக் கேக்க வேண்டியத நான் கேட்டுக்கிறேன் மூத்தாரே. நீங்க எங்கிட்டக் கேக்க வேண்டியது ஒண்ணு இருந்துச்சு. அதை இன்னும் கேக்கலை."

பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க அக்காவ நான்தேன் கையெழுத்துப் போட்டு உள்ள அனுப்புனேன். திரும்பி வரலை. இன்னொருக்கா அந்தக் கதவுக்கு வெளிய என்னால நிக்க முடியாதும்மா," என்றார். அவருடைய மனைவி ஏதோ வயிற்று ஆபரேஷனில் இறந்துபோனது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் கரைந்தது. மீதிப் பாதியை நான் விடவில்லை. தன் பயத்துக்கு இன்னொருத்தி காலைக் கொடுக்க வேண்டுமா?

"அக்காவக் குளிப்பாட்டுனதே நான்தேன்," என்றீர்கள். "எனக்கும் பயந்தேன். ஆனா கட்டில்ல கெடந்து, எம் மருமக எனக்குப் பீ மூத்திரம் அள்ளி, முதுகு புழுத்து நான் போக மாட்டேன். உள்ள போயி வராட்டி, நடக்கப் போனவ வரலைன்னு சொல்லிக்கங்க. கையெழுத்த நானே போடுறேன். நீங்க வெளிய நிக்க வேணாம், டீ குடிக்கப் போங்க."

அவர் டீ குடிக்கப் போகவில்லை. ஆபரேஷன் முடிகிற வரை பிள்ளையார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நானும் என் வேலையை விட்டுவிட்டு இரண்டொரு தடவை அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் பிழைத்து வெளியே வந்தீர்கள்.

மறுநாளே எழுப்பி வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். நிற்கவைத்த பெண்ணை நீங்கள் திட்டிய திட்டு அந்த வார்டுக்கே புதிது. தரையில் உட்காராதீர்கள், குந்தாதீர்கள், காலைக் குறுக்கே போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாழ்நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே அரிந்து, ஆய்ந்து, அரைத்த உங்களுக்கு அது சிறைதான். நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது கலெக்டர் வேலை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தீர்கள். ஆனால் நடப்பதில் மட்டும் யார் சொல்வதற்கும் காத்திருக்கவில்லை. கூடத்துக்குள் நடந்தீர்கள், வாசலுக்கு நடந்தீர்கள், வாக்கரைத் தொழுவத்தில் மாட்டிவிட்டுக் கம்போடு வரப்புக்குப் போனீர்கள். மழை பெய்த வரப்பில் போகாதே என்று உங்கள் மகன் கம்பை ஒளித்துவைத்தால், வேறு கம்பு ஒடித்துக்கொண்டு போனீர்கள்.

ஒருநாள் நடுப்பகலில், பஸ் ஏறித் தனியாக வந்து இந்த அறை வாசலில் நின்றீர்கள். வியர்த்துக் கொட்டியது. நான் பதறிப்போனேன்.

"எங்கனயும் நோவலை. எங்கால நீங்க இன்னொருக்காப் பாக்கணும்னு டாக்டரு எழுதிக் குடுத்துருக்காக. சாவி இந்தாங்க, மொதல்லயே குடுத்துட்டேன்," என்றீர்கள்.

அன்றைக்குத் திரையில் பார்த்தோம். தொடை எலும்புக்குள் காம்பு நேராக இறங்கியிருந்தது, பந்து கிண்ணத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருந்தது. எலும்பெல்லாம் சாம்பலாகத் தெரிய, அது மட்டும் பால்வெள்ளையாக இருந்தது. வெகுநேரம் பார்த்தீர்கள். இது எரியுமா என்று கேட்டீர்கள். எரியாது என்றேன். "நல்லது. எதாச்சும் ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நாம் கூடிக் குலாவினோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மகள் தையல் வகுப்புக்குப் போனதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டீர்கள். பொங்கல் சீரில் நான் வைத்த சேலை சாயம் போகிறது என்று அடுத்த பொங்கலுக்கும் சொன்னீர்கள். நானும் சளைக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். நீங்கள் சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால் "உக்காருங்க சம்பந்தி" என்பீர்கள். எனக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு, நீங்கள் நின்றுகொண்டே சண்டை போடுவீர்கள். உங்களால் நிற்க முடியும் என்று எனக்குக் காட்டுவது உங்களுக்கு வேண்டியிருந்தது. நானும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், அதைப் பார்க்கத்தான் நான் உங்கள் ஊருக்கு அடிக்கடி வந்தேன்.

கடைசியில் காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, படுத்த படுக்கையில்தான் போனீர்கள். உங்களுக்கு அது பிடித்திருக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. நின்றபடி போயிருக்க வேண்டியவர். துக்கத்துக்கு வந்தவர்கள், இரும்பு வைத்த உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று பேசினார்கள். அந்த இரும்புதான் இத்தனை வருஷம் அவரைத் தாங்கியது, போனது நுரையீரல் என்று அந்தக் கூட்டத்தில் உரக்கச் சொன்னேன். பெண்ணைக் கொடுத்தவள் இழவு வீட்டிலும் வாயை மூட மாட்டாளா என்று ஒருத்தி கேட்டாள். மாட்டாள். உங்கள் மூத்தார், இப்போது மிகவும் தளர்ந்துவிட்டார், அவர்தான் அவளைப் பார்த்து, "அவுக சொல்றது சரிதேன்" என்றார்.

உங்களுக்குப் பிறகு இந்த அறையில் ஒரு வழக்கத்தை நானாக வைத்துக்கொண்டேன். வயதானவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தால் கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவேன். கதிர் படும் என்பது ஒரு நல்ல சாக்கு. கதவைச் சாத்தியதும் படத்தைப் படுத்திருப்பவருக்கு முதலில் காட்டுவேன். டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்வதில்லை. என்ன ஒடிந்திருக்கிறது என்று காட்டுவேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன், அவர்கள் சொன்னதை டாக்டர் காதில் போடுவேன். கேட்டால் சிலர் ஆபரேஷனே வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். அதையும் அப்படியே போய்ச் சொல்கிறேன்.

இன்று மதியம் காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு ஒடிந்த அதே இடம், இவருக்கு வலது கால். மகன்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே ஆளுக்கொரு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அதுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க, எங்ககிட்டச் சொல்லுங்க. ஊருக்கே கொண்டு போயிருவோம்," என்று மூத்தவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கதவைச் சாத்தினேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கத்தா," என்றேன்.

வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று புதுப் பெண் கதவைத் தட்டினாள். இருக்கட்டும் என்றேன். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எங்கிட்டக் கேக்குறதுக்கு நீ யாரு?" என்றார் கடைசியில்.

"உங்களுக்குச் சம்பந்தி முறைன்னு வச்சுக்கங்க."

அந்த வலியிலும் அந்த அம்மாவின் வாய் கொஞ்சம் கோணியது. "சம்பந்தியா? அப்பச் சண்டை போடத் தெரியணுமே."

"நல்லாத் தெரியும்."

"அப்ப வெளிய போயி எம் மூத்த மகங்கிட்டப் போடு. நான் நடக்கணும்."

ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன்.